மருந்துக்கு முன்னால் ஒரு சொட்டுச் சளி

கன்னியாகுமரி மாவட்டம், ஈத்தாமொழியிலிருந்து கடற்கரைக்குப் போகிற சாலையோரத்தில் அந்தத் தென்னந்தோப்பு இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி நெட்டைத் தென்னை அறுபது மரம் நிற்கிறது. ஊடுபயிராக மட்டியும் செவ்வாழையும் உண்டு. தோப்புக்குச் சொந்தக்காரருக்கு வயது ஐம்பத்தாறு. வீட்டுக்குப் பின்னால் அவருடைய அப்பா காலத்தில் கொப்பரை காயப்போட்ட கொட்டகை ஒன்று உண்டு. இப்போது அதற்குள் கொப்பரை இல்லை. கடல் மீன் இருக்கிறது.

குழம்புக்கு ஆகிற மீன் இல்லை, வண்ண மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். கடலில் பவளப்பாறைகளுக்கு நடுவே, கடல் சாமந்திக்குள் ஒளிந்து வாழ்கிற சாதி. அதைக் குஞ்சுப் பருவத்தில் வாங்கி, மூன்று நான்கு மாதம் வளர்த்து, நாகர்கோவில், திருவனந்தபுரம் கடைகளுக்குக் கொடுப்பது அவர் மனைவியின் தொழில். மகளிர் குழுவில் கடன் எடுத்து, ஆளுக்கு 500 லிட்டர் பிடிக்கிற ஆறு ஃபைபர் தொட்டிகளை வைத்து ஆரம்பித்தார். விடியற்காலையில் பேரலில் கடல் தண்ணீர் வரும். அதைத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமி போக்கி, குளோரின் வாசனை முழுக்கப் போகிறவரை காற்று விட்டு, அதன் பிறகுதான் தொட்டிக்கு விடுவார். அந்த வேலையில் அவருக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரருக்கு மீனைப் பற்றி அதிகம் தெரியாது. மோட்டார் ரிப்பேர், கரண்ட் போனால் பேட்டரி மாற்றுவது, பேரல் தூக்குவது என்று கூடமாட ஒத்தாசை செய்வார். அவ்வளவுதான்.

ஒரு ஜோடி மீனும் ஒரு அவசரமும்

குஞ்சை வெளியே வாங்குவதற்குப் பதிலாக நாமே பொரிக்கவைத்தால் என்ன என்று அந்த அம்மாவுக்கு ஓர் எண்ணம் வந்தது. கோமாளி மீன் குஞ்சுகள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். நன்றாக இணைந்த ஜோடி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முட்டை இடும். அப்படி ஒரு பெரிய ஜோடியை வியாபாரி ஒருவரிடம் வாங்கி வந்து, மூன்றாவது தொட்டியில் விட்டார். தனியே வைத்துப் பார்க்க இன்னொரு தொட்டி இல்லை. 'நல்ல மீன்தானே' என்று விட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் மூன்றாம் தொட்டிக் குஞ்சுகள் இரை எடுக்கவில்லை. காற்றுக் குமிழி வருகிற இடத்தில் கூட்டமாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. ஆரஞ்சு நிறம் மங்கி, உடம்பில் வெள்ளையாகச் சளி படர்ந்திருந்தது.

"இஞ்ச பாருங்க, என்னமோ சீக்கு விழுந்திருக்கு. நான் குழுக் கூட்டத்துக்கு நாகர்கோவில் போயிட்டு வந்திருதேன். தங்கச்சி மவ சாயங்காலம் வருவா, அவ பாத்துச் சொல்லட்டும். அதுவரை ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பஸ் ஏறினார்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. நாற்பது வருடமாக விவசாயம் செய்கிற கை. கண் முன்னால் ஓர் உயிர் வாடும்போது எதையாவது செய்யத்தான் தோன்றும். தென்னையில் குருத்தழுகல் வந்தால் போர்டோ கலவை கலக்க, மயில்துத்தம் எப்போதும் வீட்டில் இருக்கும். மீன் சீக்குக்கும் துத்தம் போடுவார்கள் என்று எங்கோ கேட்ட ஞாபகமும் இருந்தது. போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம் போட்டுப் பழகியவருக்கு, 500 லிட்டருக்கு அரை ஸ்பூன் என்பது ஒன்றுமே இல்லை. கரைத்து ஊற்றினார். தண்ணீரின் நிறம்கூட மாறவில்லை. 'இன்னும் கொஞ்சம் போடலாமோ' என்று யோசித்துவிட்டு, போதும் என்று விட்டார்.

செத்த இரண்டு குஞ்சுகளை வலையில் அள்ளி எறிந்தார். அதே வலையால் மற்றத் தொட்டிகளிலும் துழாவிப் பார்த்தார்.

சாயங்காலம் மனைவி திரும்பி வந்தபோது மூன்றாம் தொட்டியில் பாதி மீன் மிதந்தது. தங்கை மகளுக்கு அன்றைக்கு வர முடியவில்லை. விடியும்போது அந்தத் தொட்டியில் ஒன்றுமில்லை. குஞ்சு ஐம்பதும் போயின. காசு கொடுத்து வாங்கிய ஜோடியும் போயிற்று.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. தரையில் துத்தப் பொடி சிந்தியிருந்ததைப் பார்த்தார். "தெங்குக்குப் போடுததை மீனுக்குப் போட்டியளே" என்று மட்டும் சொன்னார். அடுத்த இரண்டு நாள் அவர் கொட்டகைப் பக்கம் போகவே இல்லை. குழுவுக்குக் கட்டவேண்டிய தவணை அந்த மாதம் அந்த மீனில்தான் இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல், விவசாயப் பத்திரிகை ஒன்றின் கேள்வி-பதில் பகுதிக்குக் கார்டு எழுதினார்: 'கடல் வண்ண மீன் உடம்பில் வெள்ளையாக இருக்கிறது. என்ன மருந்து போடலாம்?'

ஸ்லைடில் தெரிந்த எதிரி

மனைவியின் தங்கை மகள், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவள். மறுநாள் மதியம் ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் இரண்டாவது, நான்காவது தொட்டிகளிலும் சளி படர்ந்திருந்தது. வலை போன இடமெல்லாம் சீக்கும் போயிருந்தது.

"செத்த மீன் வேண்டாம் மாமி. செத்துச் சில மணி நேரம் ஆனா ஒட்டுண்ணி இறங்கிப் போயிரும். சீக்கு வந்து உசிரோட இருக்கிறதைக் குடுங்க" என்றாள்.

ஈரத் துணியில் குஞ்சைப் பிடித்து, மெல்லிய கண்ணாடித் துண்டால் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் பக்கமாக ஒரே ஒரு தடவை மென்மையாக வழித்தாள். வந்தது ஒரு சொட்டுச் சளி. அதை ஸ்லைடில் வைத்து, அதே தொட்டியின் கடல் தண்ணீர் ஒரு துளி விட்டாள். குழாய்த் தண்ணீர் விட்டால் கடல் உயிரிகள் வெடித்துப்போகும், பார்க்க எதுவும் மிஞ்சாது. மீன் அரை நிமிடத்தில் தொட்டிக்குத் திரும்பியது.

"மாமா, நீங்க வந்து பாருங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தார். உள்ளே அவரை விதை வடிவத்தில் ஏதோ ஏழெட்டு, சளிக்குள் வழுக்கி வழுக்கி ஓடின. அதன் பெயர் புரூக்கினெல்லா. 1970-ல் லோம், நைக்ரெல்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெயர் வைத்தது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிப் பெயர்தான் அதற்கு வந்தது. கோமாளி மீனை அதிகம் தாக்குவதால், மீன் வளர்ப்போர் இதைக் கோமாளி மீன் நோய் என்றே சொல்வார்கள். தோலையும் செவுளையும் அரித்துத் தின்னும். இரண்டாகப் பிரிந்து பிரிந்து பெருகுவதால் சில நாளிலேயே தொட்டியைக் காலி செய்துவிடும்.

"இதுக்குத் துத்தம் கேக்காது மாமா" என்றாள். அவர் நிமிர்ந்தார். "அளவாப் போட்டிருந்தாலும் கேட்டிருக்காது. நோயும் வேற, அளவும் வேற."

அவர் ஒன்றும் பேசவில்லை. அவள்தான் பேச்சை மாற்றினாள். மேசையில் இருந்த கார்டை எடுத்துப் படித்துவிட்டு, "இதுக்கு யாராலயும் பதில் எழுத முடியாது மாமா" என்றாள். "வாழை இலை மஞ்சளா இருக்கு, என்ன மருந்துன்னு உங்ககிட்ட யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. ஊரில் எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில். இலை மஞ்சளாவதற்கு ஆயிரம் காரணம். சத்துக் குறைவாக இருக்கலாம், தண்ணீர் கட்டியிருக்கலாம், நூற்புழுவாக இருக்கலாம், வாடல் நோயாகவும் இருக்கலாம். வேரைத் தோண்டிக் கீறிப் பார்க்கணும். தண்டையும் கிழங்கையும் வெட்டிப் பார்க்கணும். உள்ளே செம்பழுப்பாகக் கோடு ஓடினால் வாடல் நோய். அதற்கு மேலே மருந்து தெளித்தால் காசுதான் போகும். 'வெட்டிப் பாக்காம மருந்து வாங்காதே லே' என்று மருந்துக் கடைக்கு ஓடுகிற பையன்களை அவரே வழிமறித்துத் திட்டியிருக்கிறார்.

"அதேதான் மாமா இதுவும். மீனை வெட்ட வேண்டாம். சளியைப் பாத்தாப் போதும்."

நாலு ஒட்டுண்ணி, நாலு வைத்தியம்

அன்று சாயங்காலம் அந்தப் பெண் சொன்னதை அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். கடல் வண்ண மீனில் அடிக்கடி வருகிற ஒட்டுண்ணிகள் நாலு. தூரத்தில் நின்று பார்த்தால் நாலும் ஒன்று போலவே தோன்றும். மீன் மூச்சு வாங்கும், இரை எடுக்காது, தொட்டியில் உடம்பைத் தேய்க்கும். கிட்டப் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலாவது, வெள்ளைப்புள்ளி. கிரிப்டோகாரியான் என்ற ஒரு செல் உயிரி. உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியது போலத் தனித்தனிப் புள்ளியாக நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் கருப்பான உருண்டையாக, மெதுவாகச் சுழலும்.

இரண்டாவது, தங்கத்தூள் நோய். அமைலோஒடினியம் என்று பெயர். புள்ளி ரவையைவிடப் பொடியாக, மஞ்சள் மாவு படிந்தது போல இருக்கும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் கண்ணுக்குப் படும். இது முதலில் செவுளைப் பிடிக்கும். உடம்பில் தூள் தெரிவதற்குள் மீன் செத்துப்போவதும் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் பேரிக்காய் வடிவத்தில், அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, அன்றைக்கு அவர்கள் பார்த்த புரூக்கினெல்லா. புள்ளி கிடையாது. திட்டுத்திட்டாகச் சளி படர்ந்து உரியும்.

நான்காவது, தட்டைப்புழு. இது பெரியது. ஆனாலும் கண்ணாடி போல இருப்பதால் மீன்மேல் தெரியாது. கண் மங்கும், மீன் தலையை ஆட்டும். நன்றாகக் காற்று விட்ட, குளோரின் இல்லாத நல்ல தண்ணீரில், தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கும் கார அமிலத் தன்மைக்கும் சரிசெய்து, மீனை 3 முதல் 5 நிமிடம் விட்டால் புழு வெளுத்துக் கீழே உதிரும். நோயைக் கண்டுபிடிப்பதும் அதுதான், பாதி வைத்தியமும் அதுதான். ஆனால் புழுவின் முட்டை தொட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு தடவையோடு விடக்கூடாது.

வைத்தியமும் அப்படியே பிரியும். வெள்ளைப்புள்ளிக்கும் தங்கத்தூளுக்கும் செம்பு கேட்கும். புரூக்கினெல்லாவுக்குக் கேட்காது, அதற்கு ஃபார்மலின் குளியல். உப்பைக் குறைத்து வைத்தால் வெள்ளைப்புள்ளி அடங்கும், தங்கத்தூள் அடங்காது. தட்டைப்புழுவுக்கு பிராசிகுவாண்டல் என்ற குடற்புழு மருந்து உண்டு, அதை மீன்வள மருத்துவர் சொல்கிற அளவில்தான் கொடுக்கணும். ஒன்றுக்கு அமுதம், இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். அதனால்தான் பெயர் தெரியாமல் மருந்து எடுக்கக்கூடாது.

மிச்ச மீனுக்கு ஃபார்மலின் குளியல் கொடுத்தார்கள். 100 லிட்டர் கடல் தண்ணீருக்கு 15 மில்லி ஃபார்மலின் என்ற கணக்கு. முதலில் இரண்டே மீனை விட்டுப் பார்த்து, தாங்குகிறது என்று தெரிந்த பிறகு மற்றவற்றை விட்டார்கள். அரை மணி நேரம் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஃபார்மலின் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைக் குறைக்கும், அதனால் காற்று பலமாக ஓடணும். அதன் ஆவி ஆளுக்கும் கெடுதல், புற்றுநோய் வரவைக்கக் கூடியது. காற்றோட்டமான திண்ணையில், கையுறை போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டுதான் செய்தார்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த மருந்து ஆகாது. சாப்பிடுகிற மீனுக்கு இந்த வைத்தியம் கிடையவே கிடையாது. குளியல் முடிந்த மீன் பழைய தொட்டிக்குப் போகவில்லை, கழுவிக் காயவைத்த தொட்டிக்குப் போனது. இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை, மறுபடியும் ஒரு தடவை.

முந்நூறு குஞ்சில் நூற்று எழுபது தேறியது. தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனது. குழுவில் நாலு வார்த்தை கேட்கத்தான் வேண்டியிருந்தது. கேட்டார்கள். அந்த அம்மா வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சீக்கு வந்துட்டு" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார்.

ஐந்தாறு மிளகு அளவு

அந்தப் பெண் கிளம்புவதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார். "சரி மக்ளே, துத்தம் போட வேண்டிய சீக்கா இருந்தா எவ்வளவு போடணும்?"

அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு லிட்டர் தண்ணீரில் செம்பு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரைதான் நிற்கலாம். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். மயில்துத்தத்தில் செம்பு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அப்படியானால் 500 லிட்டருக்கு அதிகபட்சம் 0.4 கிராம் துத்தம். அதையும் ஒரே தடவையில் ஊற்றாமல் இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும்.

பழக்கமான நகைக்கடையில் கொடுத்து 0.4 கிராம் நிறுத்து வாங்கி வந்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஐந்தாறு மிளகு கிடக்கிற அளவு. அவர் போட்ட அரை ஸ்பூன் அதைப் போல ஏழெட்டு மடங்கு. வெகு நேரம் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அளந்து போட்டாலும் அதோடு வேலை முடியாது. செம்பைச் சோதனைக் கிட் வைத்துத் தினமும் இரண்டு வேளை பார்க்கணும். தொட்டியில் பவளக் கல்லோ, கிளிஞ்சல் மணலோ இருந்தால் அது செம்பை உறிஞ்சிக்கொள்ளும், அளவு குறைந்துகொண்டே போகும். இரண்டு முதல் மூன்று வாரம் அளவு குறையாமல் நிறுத்தணும். இறால், நத்தை, கடல் சாமந்தி இருக்கிற தொட்டியில் செம்பு கூடவே கூடாது, அவை பிழைக்காது. பவளம், கடல்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, அவற்றைத் தொட்டி அழகுக்காக எடுத்து வருவதே குற்றம். மருந்துத் தண்ணீரைக் குளத்துப் பக்கமோ வாய்க்காலிலோ திறந்துவிடவும் கூடாது.

புள்ளி மறைந்தால் நோய் போகாது

நாலு மாதம் கழித்து, ஐப்பசி மழை நேரத்தில், ஐந்தாம் தொட்டியில் இரண்டு மீனின் துடுப்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. இந்தத் தடவை முதலில் பார்த்தவர் அவர். மனைவியைக் கூப்பிட்டார். துத்த டப்பா இருந்த பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் விட்டுப்போயிருந்த மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து, அவரே சளி வழித்தார். கை நடுங்கியது, முதல் ஸ்லைடு வீணாயிற்று. இரண்டாவதில் கருப்பு உருண்டை மெதுவாகச் சுழன்றது. போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். "கிரிப்டோகாரியான்தான் மாமா, சரியாப் பாத்திருக்கீங்க" என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் புள்ளிகள் காணாமல் போயின. "போயிட்டே!" என்றார் அந்த அம்மா. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். புள்ளி மறைந்தது வைத்தியத்தால் இல்லை, ஒட்டுண்ணி தின்று கொழுத்து இறங்கிப்போனதால். மீன் உடம்பில் 3 முதல் 7 நாள் இருக்கும். பிறகு உதிர்ந்து தொட்டியின் அடியிலோ சுவரிலோ ஒட்டிக் கூடு கட்டும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து, ஒன்று இருநூறுக்கு மேலாகும். மூன்று நாளிலிருந்து நாலு வாரத்துக்குள், பெரும்பாலும் இருட்டு நேரத்தில், கூடு உடைந்து அவ்வளவும் வெளியே வரும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும். கிடைத்தால் துளைத்து உள்ளே போகும். முதலில் இரண்டு மீனில் நாலு புள்ளி. அடுத்த சுற்றில் எல்லா மீனிலும் நூறு புள்ளி. கூட்டுக்குள் இருக்கும்போது செம்பும் ஏறாது. மருந்து அடித்து மூன்றாம் நாள் புள்ளி போனதும் நிறுத்துகிறவர்கள், எதிரி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்த்துவிட்டு, ஓடிப்போனான் என்று நினைக்கிறவர்கள்தான்.

மருந்தே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, இடம் மாற்றுவது. உதிர்ந்த கூடு பொரிக்கக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். அதற்குள் மீனைத் தூக்கி வேறு சுத்தமான தொட்டியில் விட்டால், கூடு பழைய இடத்தில் தங்கிவிடும். இவர்கள் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை வாங்கினார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலையில் மாற்றம். பழைய தண்ணீர் ஒரு சொட்டுகூடப் புதுத் தொட்டிக்குப் போகாமல், வலையையும் மாற்றி, காற்றுக் குழாயையும் மாற்றி. காலியான தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மழை விட்ட நேரமெல்லாம் வெயிலில் கவிழ்த்துப்போட்டார்கள். முழுக்கக் காய்ந்தால் கூடு பிழைக்காது. இப்படி நாலு மாற்றம், மொத்தம் பன்னிரண்டு நாள். வடிகட்டி இல்லாத தொட்டி என்பதால் இரையைப் பாதியாகக் குறைத்தார்கள்.

மூன்றாவது மாற்றத்தன்று விடாத மழை. "நாளைக்கு மாத்துவோமே" என்றார் அந்த அம்மா. "கூடு நாளைக்குன்னு காத்திருக்குமா?" என்று சொல்லி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பேரலைத் தூக்கினார் அவர். அந்தத் தொட்டியின் நாற்பது மீனில் மூன்றுதான் போயின.

தொட்டி மாற்ற வசதி இல்லாதவர்கள் உப்பைக் குறைக்கலாம். ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கிற கடல் உப்பை, இரண்டு நாளில் படிப்படியாக 15-க்கு இறக்கி, மூன்று நாலு வாரம் அங்கேயே நிறுத்தி, பிறகு மெதுவாக ஏற்றணும். கோமாளி மீன் அதைத் தாங்கும். ஆனால் உப்பு அளக்கும் கருவி கட்டாயம் வேண்டும். நாக்கில் தொட்டுப் பார்க்கிற கணக்கு இதற்கு ஆகாது.

ஏழாவது தொட்டி

இப்போது கொட்டகையில் ஏழு தொட்டி. ஏழாவது, வாசலுக்கு வெளியே தனியாக, தனி வலை, தனி வாளியோடு இருக்கிறது. எவ்வளவு நல்ல மீனாக இருந்தாலும் புதிதாக வந்தால் நாலு வாரம் அதில்தான். சந்தையில் வாங்கிய மாட்டை நேராகத் தொழுவத்தில் சேர்க்காமல் தனியே கட்டிப்போடுவது போல. அந்த ஜோடி வந்த அன்றைக்கு இந்தத் தொட்டி இருந்திருந்தால், இத்தனையும் நடந்திருக்காது. கடலில் பிடித்த மீனைவிடப் பொரிப்பகத்துக் குஞ்சில் இந்த ஆபத்து குறைவு என்பதால், இப்போது பொரிப்பகக் குஞ்சைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தத் தொழிலில் வழிகாட்ட இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் உள்ளது. எல்லை தாண்டினால் விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், கோமாளி மீன் உட்படக் கடல் வண்ண மீன்களைப் பொரிக்கவைக்கும் ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் உண்டு. பொதுப்பிரிவுக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவிகிதம். மானியத்தைக் கணக்குப் போடுகிறவர்கள், தனித்தொட்டி ஒன்றுக்கும் மைக்ரோஸ்கோப் ஒன்றுக்கும் சேர்த்தே கணக்குப் போடுவது நல்லது.

அந்தக் கார்டு தபாலில் போகவே இல்லை. கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே கரியால் அவர் எழுதிவைத்திருக்கிறார்: புது மீன் எப்போது விட்டது? எத்தனை நாளாக இருக்கிறது? புள்ளியா, தூளா, சளியா? மூச்சு வேகமா? இரை எடுக்கிறதா? தண்ணீரில் உப்பு எவ்வளவு? எந்தெந்தத் தொட்டிக்கு ஒரே வலை?

போன மாதம் மணக்குடி பக்கத்திலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். அவரும் புதிதாகத் தொட்டி போட்டவர். "அண்ணே, மீனு மேல வெள்ளையா இருக்கு. மருந்துக் கடையிலதான் நிக்கேன். என்ன வாங்கட்டும்?"

இவர் மருந்துப் பெயர் எதையும் சொல்லவில்லை. எழுந்து கொட்டகைச் சுவர்ப் பக்கம் போனார்.

"ஒண்ணும் வாங்காதே தம்பி. முதல்ல வீட்டுக்குப் போ. புது மீன் எப்ப விட்ட, அதைச் சொல்லு."